ட்ரஸ்லர் கடையில் மாதா

மிஸ்டர் ஜோசையா ட்ரஸ்லர் இருமினால் பூசை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மணியடிக்கிறவர் கூடச் சில ஞாயிறுகளில் தூங்கிப்போவதுண்டு. ட்ரஸ்லரின் இருமல் தவறியதே இல்லை. தூபக்கலசத்திலிருந்து முதல் புகை எழும்பியதும் கடைசி வரிசையில் எழுந்து நிற்பார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, தூண்கள் அதிர இருமுவார். பிறகு பக்கத்து ஜன்னலை விரியத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். வெளியே துறைமுகத்துக் காற்று நிலக்கரிப் புகையோடு உள்ளே வரும். சாம்பிராணிப் புகைக்கு இருமிய மனிதர் அந்தப் புகையை ஆனந்தமாக உள்ளே இழுப்பார்.

நான் அந்தக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். பெயர் டல்சி ஹாப்டே. வார நாட்களில் பங்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். பீடத்துக்கு முதுகைக் காட்டித்தான் வாசிக்க வேண்டும் என்பதால், ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். குருவானவர் எப்போது திரும்புகிறார், எப்போது முழங்காலிடுகிறார் என்பதை அதில் பார்த்து வாசிப்பேன். கூடவே ஊரார் செய்கிற சேட்டைகளையும் பார்ப்பேன். அதனால் இந்தக் கதையில் பாதி நான் கண்ணாடியில் கண்டது. மீதியை நேரிலேயே கண்டேன்.

எங்கள் புனித ஆஸ்வால்டு கோயில் லண்டன் துறைமுகத்துக்குப் பின்னால், கிடங்குகளுக்கு நடுவே இருந்தது. நாங்கள் இங்கிலாந்துத் திருச்சபைதான். ரோமாபுரிப் பாப்பரசருக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பீடத்தில் ஆறு மெழுகுவர்த்தி, பொன்சரிகை உடுப்பு, தூபம், பாவசங்கீர்த்தனம், மே மாதத்தில் மாதாவுக்கு ஜெபமாலை என்று எல்லாம் உண்டு. வேறு கோயில்களில் இருந்து வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வழி தவறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பலகையைப் படிப்பார்கள்.

இந்த வழக்கங்களைக் கொண்டுவந்தவர் முதல் குருவான ஃபாதர் காரர்ட். காலரா வந்த வருஷம், வைத்தியர்களே நுழையத் தயங்கிய சந்துகளுக்குள் போய், செத்தவர்களைத் தன் கையால் குளிப்பாட்டி அடக்கம் செய்தவர். அந்த மனிதர் பகலில் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்று யாரோ வழக்குப் போட்டார்கள். வண்டி கட்டிக்கொண்டு வந்து பூசை நடுவில் ஊளையிட்டார்கள்; அழுகிய மீனை எறிந்தார்கள். கடைசியில் அவரைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்த அன்று, துறைமுகத் தொழிலாளிகள் அவர் வண்டியில் இருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு, தாங்களே நுகத்தடியைத் தோளில் போட்டு இழுத்துவந்தார்களாம். எங்கள் தெருவில் வேதசாஸ்திரம் படித்தவர் யாரும் இல்லை. ஆனால் 'நம்ம சாமியை மெழுகுவர்த்திக்காக ஜெயில்ல போட்டாங்க' என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மெழுகுவர்த்தி எங்களுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிஸ்டர் ட்ரஸ்லர் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், திரி, வாளி, மெழுகுவர்த்தி விற்கிறவர்.

"மெழுகுவர்த்தி வித்துப் பொழைக்கிற மனுஷனுக்கு மெழுகுவர்த்தியக் கண்டா ஆகல!" என்று விலாங்கு மீன் கடை குவீனி மாடாக்ஸ் அவர் முகத்துக்கு நேரே கேட்பாள்.

"இருட்டுல ஏத்தினா அது வெளிச்சம், மிசஸ் மாடாக்ஸ். வெயில்ல ஏத்தினா அது மூடநம்பிக்கை" என்பார் அவர்.

அவர் கெட்டவர் இல்லை. பனிக்காலத்தில் நடக்க முடியாத கிழவர்கள் வீட்டுக்கெல்லாம் எண்ணெயைத் தானே சுமந்துபோய், விளக்கில் ஊற்றித் திரியையும் வெட்டிவிட்டு வருவார். ஆனால் பரம்பரையாகப் புராட்டஸ்டண்டு ரத்தம். பாப்பரசரை எதிர்த்த சீர்திருத்தக்காரர் நினைவாகத் தன் பூனைக்கு லூத்தர் என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் குருவை எல்லாரும் 'ஃபாதர்' என்றால், அவர் மட்டும் 'மிஸ்டர் பெல்லிங்ஹாம்' என்பார். வேறு கோயிலுக்குப் போகலாமே என்று யாராவது கேட்டால், "இது என் பங்கு. நான் ஏன் போகணும்? தப்பு பண்றவங்க போகட்டும்" என்பார்.

முதல் உலகப் போர் முடிந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தபோது மாதா சுரூபம் வந்தது. கொண்டுவந்தவன் குவீனியின் தம்பி பெர்சி. போரில் எதிரிகள் அவன் கப்பலைக் குண்டு போட்டுக் கவிழ்த்தபோது, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கடலில் மிதந்தவன். உயிர் பிழைத்தால் மாதாவுக்குச் சுரூபம் வைப்பதாக அப்போது நேர்ந்துகொண்டானாம். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் வாங்கி, வைக்கோல் சுற்றி, கப்பலின் சமையல் அறையில் வைத்துக் கொண்டுவந்தான். சுண்ணச் சாந்தில் வார்த்த சுரூபம். ஐந்து வயதுப் பிள்ளை உயரம் இருக்கும். நீல மேலங்கி. கன்னத்தில் சிவப்பு கொஞ்சம் தாராளம்.

"சம்பள நாள் ராத்திரி நம்ம பொண்ணுங்க பூசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் குவீனி. "பரவால்ல, நம்ம தெருவுக்குப் பொருத்தமாத்தான் இருக்கா."

ஃபாதர் பெல்லிங்ஹாம் தெற்குப் பக்கத் தூணடியில் அதை வைத்தார். புதிதாக எதை வைப்பதென்றாலும் பேராயரின் அனுமதி வாங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் கிடைக்காது என்பதும் தெரியும். ஆகவே கேட்கவில்லை. மே மாதம் மாதாவுக்குப் பூமுடி சூட்டினார்கள். ட்ரஸ்லர் அன்றைக்கு இருமவில்லை; எழுந்து வீட்டுக்குப் போய்ப் பேராயருக்குப் புகார் எழுதினார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. ஃபாதர் அதைப் பிரசங்க மேடையில் இருந்து வாசித்தார். நெட்டையான, கிட்டப்பார்வைக்கார மனிதர். காகிதத்தை மூக்கில் ஒட்டுகிறாற்போல வைத்துக்கொண்டு வாசித்தார். அனுமதி இல்லாமல் வைத்த சுரூபம் கோயிலுக்குள் இருக்கக் கூடாது; உடனே அகற்றப்பட வேண்டும். வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோயிலில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி வரிசையில் ட்ரஸ்லர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

குவீனி தன் இடத்திலிருந்தே எழுந்தாள்.

"ஃபாதர், நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"கீழ்ப்படியறேன்னு பேராயர் கையைப் புடிச்சு வாக்குக் குடுத்திருக்கேன், குவீனி. கீழ்ப்படிஞ்சுதான் ஆகணும்."

"நல்லாக் கீழ்ப்படிங்க, யாரு வேணாம்னா? அந்தக் காகிதத்த இன்னொரு வாட்டி படிங்க. கோயிலுக்குள்ள இருக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? என் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை மறுபடி பார்த்தார். திருப்பி வெறும் பக்கத்தையும் பார்த்தார்.

"இல்ல. அப்படி ஒண்ணும் போடல" என்றார். அவர் வாயோரம் துடித்ததை என் கண்ணாடியில் பார்த்தேன். உடனே பாட்டைத் தொடங்கிவிட்டேன். இல்லாவிட்டால் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள்.

அன்று மாலையே மாதா, குவீனியின் பிள்ளைகளெல்லாம் படுத்து வளர்ந்த பழைய குழந்தைவண்டியில் ஏறிக் கோயிலை விட்டுக் கிளம்பினாள். முதல் வாரம் குவீனியின் கடைக்கு மேலே இருந்த அறையில். அடுத்த வாரம் எதிர்வீட்டில். அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு என்று சண்டையே வந்துவிட்டது. "எங்க மாமியா சாகக் கெடக்கறா, மொதல்ல எங்களுக்குத்தான்" என்று ஒருத்தி. "ஒங்க மாமியா போன ஈஸ்டர்லேர்ந்து சாகக் கெடக்கறா!" என்று இன்னொருத்தி. கோயில் படியையே மிதிக்காத ஆட்கள், வீட்டுக்கு மாதா வருகிறாள் என்றதும் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். 'நங்கூரம்' மதுக்கடைக்காரர் தன் முறை வந்தபோது, ஜெபமாலை முடியும்வரை பீர் ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் போல ஆண்கள் கூட்டம் அதற்கு முன்னால் எந்த ஜெபத்துக்கும் சேர்ந்ததில்லை.

ட்ரஸ்லருக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் என்னை நிறுத்திப் பொருமினார்.

"பாத்தீங்களா மிஸ் ஹாப்டே? முன்னாடி ஒரு மூலையில பேசாம நின்னுட்டிருந்துது. இப்ப வண்டி கட்டி ஊர்வலம் போகுது! அதுவும் என் கடை வாசல் வழியா!"

"நீங்க எழுதினதாலதானே மிஸ்டர் ட்ரஸ்லர் அது வெளிய வந்துது?" என்றேன்.

"மறுபடியும் எழுதிட்டேன். மேற்பார்வைக் குருவே நேர்ல வர்றாரு. சனிக்கிழமை சாயங்காலம் என் கடைக்குத்தான் வர்றாரு, விசாரிக்க."

அந்தச் சனிக்கிழமைதான் மாதா 'நங்கூரத்தில்' இருந்து தெருவின் மறுகோடிக்கு மாற வேண்டிய நாள். ட்ரஸ்லர் சொன்னதை நான் குவீனியிடம் சொன்னபோது, "வரட்டுமே, கண்ணு. பூவ நல்லாக் கட்டுவோம்" என்று மட்டும் சொன்னாள். குழந்தைவண்டியைச் சுற்றி ரோஜாவும் சரிகைத் துணியும் வைத்துத் தைத்தோம். முன்னால் பெர்சி சிலுவை தூக்கினான். பின்னால் ஃபாதர், அதற்குப் பின்னால் நாங்கள் பாடிக்கொண்டு.

பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டது. தூறல் என்று தொடங்கவே இல்லை. யாரோ மேலிருந்து தொட்டியைக் கவிழ்த்தாற்போல ஒரே ஊற்று. கூட்டம் சுவரோரம் ஒதுங்கியது. குவீனி தன் மேல்சட்டையைக் கழற்றி மாதாமேல் போர்த்திவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். கல் பாவிய தெருவில் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து, கழன்று, தானாக உருண்டு போய் ஒரு கடைக் கதவில் மோதி நின்றது. நிமிர்ந்து பார்த்தால் 'ஜே. ட்ரஸ்லர், எண்ணெய், விளக்குச் சாமான்'.

கதவு திறந்தது. ட்ரஸ்லர் முதலில் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு குவீனியை, பிறகு மேல்சட்டைக்குக் கீழே தெரிந்த நீல அங்கியை. அதிலிருந்து நீலச் சாயம் ஒரு கோடாக வழியத் தொடங்கியிருந்தது.

"அது சுண்ணச் சாந்துதானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"மழையில ஊறினா கஞ்சியாப் போயிடுமே!"

"போவட்டும்! ஒங்களுக்குச் சந்தோஷந்தானே?" என்றாள் குவீனி. தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்ட, வண்டியை ஒற்றைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று மழையில் எது மழை, எது கண்ணீர் என்று தெரியவில்லை.

ட்ரஸ்லருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னை என்னன்னு நெனச்சீங்க, மிசஸ் மாடாக்ஸ்? நான் கோயில்ல வேணாம்னுதான் சொன்னேன். தெருவுல கரைஞ்சு சாகணும்னா சொன்னேன்? தள்ளுங்க, தலைப் பக்கம் நான் புடிக்கறேன்."

இரண்டு பேருமாகத் தூக்கி, கடையின் கல்லாப் பலகைமேல் வாளிகளுக்கும் எண்ணெய் டப்பாக்களுக்கும் நடுவே மாதாவை நிறுத்தினார்கள். ட்ரஸ்லர் ஒரு புதுத் துண்டைக் கிழித்து, நெற்றி, கன்னம் என்று ஒற்றி எடுத்தார். தேய்க்காமல், கைக்குழந்தைக்குத் துடைப்பதுபோல ஒற்றினார். நாங்கள் வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றோம்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, கதவச் சாத்தணும்" என்று அதட்டினார். "மிஸ்டர் பெல்லிங்ஹாம், நீங்களுந்தான். நிமோனியா வந்து செத்துட்டீங்கன்னா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க."

கடை கொள்ளாத கூட்டம். மழையால் உள்ளே ஒரே கருக்கல். ட்ரஸ்லர் ஏணியில் ஏறி ஒரு விளக்கை ஏற்றினார். போதவில்லை. இன்னொன்றை ஏற்றினார். பிறகு கட்டைப் பிரித்து மெழுகுவர்த்திகளைப் பலகை நெடுக நட்டு ஏற்றத் தொடங்கினார்.

"ஐயோ, மிஸ்டர் ட்ரஸ்லர்! பகல்லயா?" என்றாள் குவீனி.

"இருட்டா இருக்கு! அதுக்காக ஏத்தறேன்! வேற ஒண்ணும் இல்ல!"

"நாங்க ஒண்ணும் சொல்லலையே."

பூனை லூத்தர் அலமாரியிலிருந்து குதித்து, மெழுகுவர்த்திகளுக்கு இடையே லாவகமாக நடந்து, மாதாவின் பாதத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது. யாரோ ஒருத்தி மெல்ல ஜெபமாலையைத் தொடங்கினாள். 'இங்க வேணாம்' என்று சொல்ல ட்ரஸ்லர் வாயைத் திறந்தார். பெர்சி தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கடல் இரவை நினைத்தானோ என்னவோ, தோள் குலுங்க நின்றிருந்ததைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு மேற்பார்வைக் குரு உள்ளே வந்தார். கானன் ஸ்டேபிள்டன் என்று பெயர். பேராயருக்கு அடுத்தபடி அந்த வட்டாரக் கோயில்களை எல்லாம் கவனிக்கிறவர். கால் சராயில் முழங்கால்வரை சேறு. குடை காற்றில் தலைகீழாக மடிந்திருந்தது. உள்ளே விளக்கு வரிசை, பூ, ஜெபமாலை, நடுவே சுரூபம், அதன் பக்கத்தில் கையில் தீக்குச்சியோடு புகார்க்காரர்.

"மிஸ்டர் ட்ரஸ்லர்?" என்றார், விலாசம் மாறிவிட்டதோ என்பதுபோல.

"நான்தான் ஐயா."

"இந்தச் சுரூபத்தைப் பத்தித்தானே ரெண்டு வாட்டி மனுக் குடுத்தீங்க? உங்க பேச்ச நம்பித்தானே பேராயர் உத்தரவு போட்டார்? இங்க வந்து பாத்தா நீங்களே விளக்கேத்தி வெச்சுக் கும்பிட்டுட்டிருக்கீங்க!"

"கும்பிடல. காய வெச்சிருக்கேன்."

"காய வெச்சிருக்கீங்களா! என்னைக் கேலி பண்றீங்களா? உடனே இதத் தூக்கி வெளிய வைங்க."

"வெளிய மழை பெய்யுது ஐயா."

"மழையோ, வெயிலோ! இது பேராயர் உத்தரவு!"

ட்ரஸ்லர் தீக்குச்சியை ஊதி அணைத்தார். மெதுவாகச் சுற்றிவந்து, மாதாவுக்கு முன்னால், மேற்பார்வைக் குருவுக்கு எதிரில் நின்றார். கடைசி வரிசையில் இத்தனை வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே தோரணை.

"பேராயர் உத்தரவு கோயிலுக்கு. இது என் கடை. என் கடையில எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு சொல்றதுக்குப் பேராயர் யாரு, நீங்க யாரு? ஒரு மனுஷனுக்கும் அவன் மனசாட்சிக்கும் நடுவுல எந்தக் குருவும் வந்து நிக்கக் கூடாது. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நாங்க சொல்றது அதுதான். அதுக்குப் பேருதான் ஐயா புராட்டஸ்டண்டு!"

"ஆமென்!" என்றாள் குவீனி.

"ஆமென்!" என்றது கடை முழுவதும். ஃபாதர் பெல்லிங்ஹாம் கூட, அவருக்கே தெரியாமல் சொல்லிவிட்டார்.

கானன் ஸ்டேபிள்டன் உடைந்த குடையைக் கீழே வைத்தார். அவர் மூக்கு நுனியில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கவிழ்த்த வாளியைப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. கோபத்தால் நடுங்குகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா கோயில் வழக்கு விசாரிக்கறேன்," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "சுரூபத்துக்காகப் புராட்டஸ்டண்டு ஒருத்தர் வாதாடி இப்பத்தான் பாக்கறேன்."

குவீனி மழையில் நனைந்தபடியே தன் கடைக்கு ஓடி, சூடான விலாங்குக் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் சாப்பிட்டார். லூத்தர் எழுந்துவந்து அவர் பூட்சில் உரசியது. ஒரு துண்டு மீன் அதற்கும் கிடைத்தது. பாதிக் கிண்ணத்தில் அவர் நிமிர்ந்து, "பெல்லிங்ஹாம், முறையா அனுமதி கேட்டிருக்கலாமே?" என்றார்.

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டோம். ஆனா இப்பக் கேட்டுப் பாக்கலாம். ஆட்சேபணை இருக்கிற ஒரே ஆள் இவர்தான்." ட்ரஸ்லரைப் பார்த்தார். "இன்னும் ஆட்சேபணை இருக்கா?"

எல்லாக் கண்களும் ட்ரஸ்லர்மேல். அவர் தாடையைச் சொறிந்தார்.

"நெறைய இருக்கு. இது வேணும்னு எனக்குத் தோணல, என்னைக்கும் தோணாது. ஆனா..." குவீனியையும், பெர்சியையும், அந்த உடைந்த வண்டியையும் பார்த்தார். "இவங்க இதத் தூக்கிட்டு மழையில நின்னதப் பாத்துட்டேன். என்னால இனிமே புகார் எழுத முடியாது. எட்டு மணிப் பூசையில தூபம் போடக் கூடாது. நெஞ்சு அடைக்குது. அது மட்டும் நடந்தாப் போதும்."

"அது நெசமாவே நெஞ்சு அடைச்சா வந்த இருமலு?" என்று வாய் பிளந்தாள் குவீனி. "நாங்க வேணும்னே பண்றீங்கன்னுல்ல நெனச்சோம்!"

"பாதி வேணும்னுதான்" என்றார் ட்ரஸ்லர், கௌரவமாக.

ஃபாதர் அங்கேயே அவர் கையைப் பிடித்து, எட்டு மணிப் பூசையில் இனித் தூபம் கிடையாது என்று வாக்குக் கொடுத்தார். மழை விட்டதும் மாதாவை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போக, ட்ரஸ்லர் வாசலில் நின்று, "படி இருக்கு! படி இருக்கு! குருட்டுப் பசங்களா, இடது பக்கம் சாய்க்காதீங்க!" என்று தெருமுனைவரை கத்திக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் அனுமதி வந்தது. மாதா மறுபடி தெற்குத் தூணடிக்குப் போனாள். வீடுகளுக்கு வருவது நின்றுவிட்டதே என்று சில பேருக்கு வருத்தம்கூட. பேராயர் இன்னொரு உத்தரவு போட மாட்டாரா என்று 'நங்கூரத்தில்' பேசிக்கொண்டார்கள்.

ஈஸ்டர் முடிந்ததும் வழக்கம்போல் கோயில் பொறுப்பாளர் தேர்தலுக்குப் பங்குக் கூட்டம் நடந்தது. குவீனி எழுந்து ட்ரஸ்லர் பெயரைச் சொன்னாள். ஒரே சலசலப்பு.

"ஏன் முழிக்கிறீங்க?" என்றாள். "இந்தக் கோயில்ல எங்க ஒழுகுது, எது உடைஞ்சிருக்கு, யாரு எதத் தப்பாப் பண்றாங்கன்னு அவரவிட யாருக்குத் தெரியும்? இத்தன வருஷமா வேற எதையும் பாக்கவே இல்லையே மனுஷன்!"

ட்ரஸ்லர் மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் எழுந்து, வடக்குக் கூரையில் மூன்று ஓடு பெயர்ந்திருப்பதையும், மணிக்கயிறு இற்றுப்போயிருப்பதையும் சொல்லிவிட்டு, ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

பொறுப்பேற்ற முதல் ஞாயிற்றுக்கிழமை, பெரிய பூசைக்கு முன்னால், ஃபாதர் உடுத்திக்கொள்ளும் அறைக்குள் அவர் நேராக நுழைவதைக் கண்ணாடியில் பார்த்தேன். வந்தது வம்பு என்று நினைத்து, ஆர்கனை விட்டு இறங்கி ஓடினேன்.

ஃபாதர் பொன்சரிகை உடுப்போடு கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். ட்ரஸ்லர் அவருக்குப் பின்னால் முழங்காலிட்டு, வாய்நிறைய குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, உடுப்பின் பிரிந்த ஓரத்தை மடித்துக் குத்திக்கொண்டிருந்தார்.

"ரோமாபுரி உடுப்பு" என்று ஊசிகளுக்கு நடுவே முணுமுணுத்தார். "எனக்குச் சுத்தமாப் புடிக்கல. ஆனா என் கோயில்ல எந்தக் குருவும் கிழிஞ்சத மாட்டிக்கிட்டுப் பீடத்துல நிக்கக் கூடாது. ஆடாதீங்க, ஃபாதர்."

அவர் என்ன சொல்லிவிட்டார் என்பது அவருக்கே உறைக்கவில்லை. ஃபாதர் பெல்லிங்ஹாம் ஆடவில்லை. நான் சத்தம் போடாமல் படியேறி, பாட்டைத் தொடங்கினேன்.